கலைச்சொல்: 'ஆல்வேஸ் ஆன்' இணைப்புக்குத் தமிழில் என்ன வைப்பது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு பிராட்பேண்டை 'ஆல்வேஸ் ஆன்' என்கிறார்களே, அதற்கு இங்கே வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன்: இடையறா இணைப்பு, நிரந்தர இணைப்பு, என்றுமியங்கு இணைப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இணைப்பு செய்யாத ஒன்றைச் செய்வதாக மூன்றுமே சொல்கின்றன. பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் புதிதாக ஃபைபர் லைன் எடுக்கிற வீடுகளுக்குக் கொடுக்க ஒரு நோட்டீஸ் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்தச் சொல் அதில் அச்சாகப் போகிறது. 'இடையறா இணைப்பு' என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே ராயக்கோட்டை ரோட்டில் ஜேசிபி பள்ளம் தோண்டி கேபிளை அறுத்துவிட்டால், அந்த வீட்டுக்காரர் நோட்டீஸை நம் முகத்துக்கு நேராக நீட்டுவார். நீட்டுவதில் நியாயமும் இருக்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் வழியாக. அன்றைக்கு வீட்டில் இணையம் என்றால் டயல்-அப். மோடம் ஒரு எண்ணுக்கு போன் போடும், எதிர்முனை எடுக்க வேண்டும், இரண்டும் கீச்சிட்டுப் பேசி முடித்தால்தான் உள்ளே போக முடியும். இணையத்தில் இருக்கும்வரை வீட்டு போன் என்கேஜ்டு. வேலை முடிந்ததும் துண்டித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு ஏடிஎஸ்எல் என்ற டிஎஸ்எல் வகை பிராட்பேண்ட் வந்தது. அதே செம்புக் கம்பிதான், ஆனால் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும் தரவு அதற்கு வெகு மேலேயும் போகும், நடுவில் ஒரு சின்ன ஸ்பிளிட்டர் இரண்டையும் பிரித்துவிடும். போன் பேசிக்கொண்டே இணையமும் பார்க்கலாம், யாருக்கும் டயல் செய்ய வேண்டாம். இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் 'ஆல்வேஸ் ஆன்' என்றார்கள். 'அழைக்கத் தேவையில்லை' என்பது அதன் பொருள். 'அறவே அறாது' என்று அன்றைக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

2004-ல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையின் வரையறையிலும் இதே சொல் இருக்கிறது: குறைந்தது 256 கேபிபிஎஸ் வேகமுள்ள 'ஆல்வேஸ் ஆன்' தரவு இணைப்பு. (அதே 2004-ல்தான் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது, எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவில் நிற்கின்றன.) அந்த வரையறையில் வேகத்துக்கு எண் உண்டு, அறுபடாமல் இருப்பதற்கு எண் கிடையாது. வேகத்தை 2013-ல் 512 ஆக்கினார்கள், 2023-ல் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள்.

சரி, இன்றைய ஃபைபர் லைனில் என்ன நடக்கிறது? கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சுவரில் மாட்டியிருக்கிற ஓஎன்டி பெட்டியை (ஃபைபர் லைன் வீட்டில் வந்து முடிகிற பெட்டி) கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். முதலில் பவர் விளக்கு எரியும். அப்புறம் 'பான்' என்று எழுதிய விளக்கு விட்டுவிட்டு மின்னும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்து ஓஎல்டி கருவி 1490 நானோமீட்டர் ஒளியில் கூப்பிட, நம் பெட்டி 1310-ல் பதில் சொல்லி, தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கவிட்டு, பதிவாகிற நேரம் அது. பான் நின்று எரிந்தால் கண்ணாடி இழை சரி. ஆனால் இணையம் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் ரௌட்டர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் ஒரு அமர்வைத் தொடங்கும், எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டு ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்புக்கான எண்) கொடுக்கும், கடைசி விளக்கு எரியும். ஆக, டயல்-அப்பில் நாம் கையால் செய்ததைப் போன்ற ஒரு சடங்கு இன்றைக்கும் பல இணைப்புகளில் இருக்கிறது, பெட்டியே செய்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. அமர்வு இருக்கிறது என்றால் அது முடியவும் செய்யும். ஜெர்மனியில் டிஎஸ்எல் வீடுகளுக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை அமர்வைக் கட்டாயமாக வெட்டி, புது முகவரி கொடுக்கும் வழக்கமே நெடுநாள் இருந்தது. அங்கும் அதற்குப் பெயர் எப்போதும் இருக்கிற இணைப்புதான்!

கரண்ட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாமல் போவது இதுதான். பழைய லேண்ட்லைன் போன் கரண்ட் போனாலும் பேசும். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பேட்டரி 48 வோல்ட்டைச் செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, போனுக்கு வீட்டுக் கரண்டே தேவைப்படவில்லை. கண்ணாடி இழையில் ஒளி போகும், கரண்ட் போகாது. வழியில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டருக்கும் மின்சாரம் வேண்டாம், அது அந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய வசதி, ஆனால் வீட்டில் இருக்கிற ஓஎன்டி-க்கும் ரௌட்டருக்கும் கரண்ட் வேண்டும். பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவர், "பழைய போன்ல இந்தத் தொல்லை இல்லையே தம்பி" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. எப்போதும் உயிரோடு இருந்த லைன் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் செம்புக் கம்பியைத்தான் சொல்ல வேண்டும், அதற்கு யாரும் 'ஆல்வேஸ் ஆன்' என்று பெயர் வைக்கவில்லை.

எனக்கு வழி காட்டியது ஆழ்துளைக் கிணற்று மோட்டார். த்ரீ பேஸ் கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று தெரியாத காலத்தில் நம் பக்கத்து விவசாயிகள் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தாலும் மோட்டார் தானே எடுத்துக்கொள்ளும், காட்டுக்கு யாரும் ஓட வேண்டாம். அதை 'ஆட்டோவில் போட்டிருக்கு' என்பார்கள், 'எப்பவும் ஓடுது' என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நம் பிராட்பேண்டும் இப்படித்தான். லைன் இருக்கும்போது தானே இணைந்துகொள்ளும், போனால் தானே திரும்ப முயலும்.

அதனால் என் பரிந்துரை 'தானிணைப்பு'. தானியங்கி என்ற சொல் ஊன்றிவிட்டதால் காதுக்குப் புதிதாக இருக்காது. டயல்-அப்பை 'அழைப்பிணைப்பு' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஜோடியாக நிற்கும், ஒன்றைச் சொன்னால் மற்றது விளங்கும். வருடத்தில் எவ்வளவு நேரம் இணைப்பு உண்மையாகவே இருந்தது என்பது வேறு கேள்வி, அதற்கு 'கிடைப்பளவு' என்று தனிச்சொல் வைப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் திணிப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பாலக்கோடு தக்காளி மண்டியில் கடை வைத்திருக்கிற ஒருவர், கடைக் கேமராவை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று லைன் எடுத்தார். லைன் நன்றாக இருக்கிறது, கடைக்குள்ளிருந்து எல்லாம் திறக்கிறது, வெளியிலிருந்து கேமராவுக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. பல நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கின்றன. ரௌட்டரில் 100.64 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான், இதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய முகவரித் தொகுதி அது. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து கதவைத் தட்ட முடியாது. அவர் கடைசியில் கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பார்க்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கடை 'ஆன்' இல்லை. இப்படி வெளியிலிருந்து உள்ளே வர முடிவதற்கு 'வெளியணுகல்' என்று வைக்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து

—

பாலக்கோடு தம்பிக்கு,

இடையறா, நிரந்தர இரண்டும் வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. ஓசூரில் நெட்வொர்க் வேலையில் இருப்பதால் அந்த வாக்குறுதி எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். 99 சதவீதம் என்று எழுதினால் வாடிக்கையாளர் மகிழ்ந்துபோவார், கணக்குப் போட்டால் வருடத்தில் 3 நாள் 15 மணி நேரத்துக்கு மேல் லைன் இல்லை. 99.9 என்றாலும் கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணி நேரம். கிடைப்பளவு என்ற சொல் பிடித்திருக்கிறது, நோட்டீஸில் அதை நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் எழுதுங்கள், சதவீதத்தில் வேண்டாம்.

தானிணைப்பில் எனக்கு இரண்டு தயக்கம். போனில் வைஃபை அமைப்புக்குள் போனால் 'தானாக இணை' மாதிரி ஒரு பொத்தான் இருக்கும், அதோடு இது குழம்பும். மற்றது, உங்கள் சொல் இணைப்பு வருவதை மட்டும் சொல்கிறது. பயன்படுத்தாமல் சும்மா விட்டாலும் இணைப்பு நிற்கிறதே, அது பாதி விஷயம் இல்லையா? டயல்-அப்பில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் எதிர்ப்பக்கம் வெட்டிவிடும். 'நிலையிணைப்பு' என்றால் நிற்பதும் அடங்கிவிடுமே, யோசியுங்கள்.

ஓசூரிலிருந்து

—

அக்காவுக்கு வணக்கம்.

நாள், மணிக் கணக்கில் எழுதச் சொன்னது மிகச் சரி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நிலையிணைப்பை நானும் முதலில் யோசித்தேன். ஆனால் ஸ்டேட்டிக் ஐபி-யை 'நிலையான முகவரி' என்று எழுதிப் பழகிவிட்டோம். நிலையிணைப்பு என்று படித்தவர் தனக்கு மாறாத முகவரி கிடைத்துவிட்டதாக நினைப்பார், அதற்குத் தனியாகப் பணம் கேட்கும்போது சண்டை வரும். மண்டிக் கடைக்காரர் விஷயத்தில் இந்தக் குழப்பம் நேராகவே பாதிக்கும்.

சும்மா இருக்கும்போதும் நிற்கிறது என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது எப்படி நிற்கிறது? ரௌட்டரும் எதிர்ப்பக்கமும் குறிப்பிட்ட இடைவெளியில் 'இருக்கிறாயா' என்று எக்கோ அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, சில பதில்கள் தொடர்ந்து வராவிட்டால் அமர்வு செத்ததாகக் கணக்கு. நான் முன்பு சொன்ன, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்கு மாற்றும் கருவியும் பேசாமல் கிடக்கிற தொடர்பை வெகுநேரம் நினைவில் வைக்காது. யுடிபி (தரவு அனுப்பும் முறைகளில் ஒன்று) தொடர்பு என்றால் குறைந்தது 2 நிமிடமாவது வைத்திரு என்று 2007-ல் எழுதிய விதியே இருக்கிறது, அதற்கு மேல் அந்தந்தக் கருவியின் விருப்பம். போனில் உள்ள செயலிகள் அடிக்கடி ஒரு சின்ன தரவுப் பொட்டலம் அனுப்பித் தங்கள் தொடர்பைக் காப்பாற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இணைவதும் பெட்டியின் வேலை, பிடித்துக்கொண்டிருப்பதும் பெட்டியின் வேலை, நம் கை படுவதில்லை. 'தான்' என்ற முன்னொட்டு இரண்டுக்கும் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

பொத்தான் குழப்பத்துக்கு ஒரு வழி: பொத்தானில் இருப்பது ஏவல், 'தானாக இணை'. சேவையின் வகையைச் சொல்வது பெயர்ச்சொல், 'தானிணைப்பு'. 'பதிவிறக்கு', 'பதிவிறக்கம்' இரண்டும் ஒரே திரையில் இருந்தும் யாரும் தடுமாறுவதில்லை.

நோட்டீஸில் இப்படிப் போட எண்ணுகிறேன்:

"உங்கள் ஃபைபர் லைன் தானிணைப்பு வகை. எண் சுழற்றவோ ஒவ்வொரு முறையும் உள்நுழையவோ வேண்டாம். கரண்டும் லைனும் இருக்கும்போது பெட்டி தானே இணைந்திருக்கும். வீட்டில் கரண்ட் போனால் இணையமும் போகும், போகாமல் இருக்க ஓஎன்டி, ரௌட்டர் இரண்டுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள். 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், பெட்டியை அணைத்துப் போட்டுப் பயனில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள். வெளியிலிருந்து கேமரா பார்க்க வேண்டுமானால் வெளியணுகல் உண்டா என்று லைன் எடுக்கும் முன்பே கேளுங்கள்."

கிடைப்பளவு எவ்வளவு என்ற வரியை இன்னும் எழுதவில்லை. லைன் கொடுப்பவர்கள் எழுத்தில் ஒரு எண் தந்தால் மட்டும் சேர்ப்பேன், தராவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, 'கேட்டு எழுதிக்கொள்ளவும்' என்று போடுவேன். யாருக்காவது மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: தானிணைப்பைச் சேர்த்தே எழுத வேண்டும், 'தான் இணைப்பு' என்று பிரித்தால் வேறு பொருளாகிவிடும்.

பாலக்கோட்டிலிருந்து