விடியவிடிய நாடகம் பார்த்தவர்களே, உங்களை விடாத ஒரு நிமிடம் எது?

பந்தல்கால்:

பங்குனித் திருவிழா, வள்ளி திருமணம். மணி இரண்டு இருக்கும். பபூன் காமெடியும் டான்ஸும் முடிந்து, வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடி, நாரதரோடு பாட்டாலேயே வாதாடும் தர்க்கம் சூடுபிடித்த நேரம். பொட்டென்று கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் எங்கே படுத்திருக்கிறார் என்றே தெரியவில்லை. மேடை, பந்தல், தெரு எல்லாம் இருட்டு.

நாரதர் நிறுத்தவில்லை. எந்த அடியில் மைக் அடங்கியதோ அதே அடியை மறுபடி எடுத்தார், இந்தத் தடவை வெறும் தொண்டையில். ஆர்மோனியம் தணிந்தது. ஆல்ரவுண்ட் என்கிற தாளக்கருவி அடியோடு நின்றது. மிருதங்கம் மட்டும் விரல்நுனியில் கூட வந்தது. பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சுமூச்சில்லாமல் முன்னால் நகர்ந்தார்கள். யாரோ டார்ச் அடித்தார். வெளிச்சம் நாரதர் முகத்தில் விழவில்லை, கையிலிருந்த சிப்ளாக்கட்டையில் விழுந்தது. கட்டையின் ஓரத்தில் இருந்த சின்னச் சலங்கைகூடத் தனியாகக் கேட்டது. பதில் சொன்ன வள்ளியும் குரலைத் தூக்கவில்லை. நாங்கள்தான் காதைக் கொண்டுபோய் அங்கே வைத்தோம்.

பத்து நிமிடம், அவ்வளவுதான். வருஷத்துக்கு இருபது நாடகமாவது பார்க்கிறவன் நான். இப்போது நடப்பவற்றில் எனக்குள்ள பெரிய மனக்குறை ஒலிபெருக்கிதான். வள்ளி திருமணம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் போய்ச் சேர்ந்தார். அவர் பாட்டு இன்றும் ஊர் ஊராக நடக்கிறது. ஆனால் எக்கோவைத் திருகி வைத்து அந்த வரியைக் காதில் விழாமல் செய்துவிடுகிறோம்.

என்னை உறுத்துவது வேறு. விடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். நாரதர் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நீங்களும் எழுதுங்கள்.

ஆற்றங்கரை:

எங்கள் பக்கம் பாரதக் கூத்து. அர்ச்சுனன் உயரமான தபசு மரத்தில் ஏறித் தவம் செய்யும் அர்ச்சுனன் தபசு அன்று, பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப்புடவையோடு தபசு மரத்தடியில் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வருஷம் என் சித்தியும் உட்கார்ந்தாள்.

அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறினார். உச்சிக்குப் போய் விபூதி, பூ, எலுமிச்சம்பழம் என்று போட ஆரம்பித்தார். கீழே ஒரே தள்ளுமுள்ளு. சித்தி மடியில் எதுவும் விழவில்லை. மூட்டை காலியாகிவிட்டது, பாட்டும் முடிந்துவிட்டது. சித்தி மட்டும் முந்தானையை ஏந்தியபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கவில்லை. தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளிப் போட்டார். காற்று தள்ளிக்கொண்டு போனது. இன்னொன்று கிள்ளினார், அதுவும் தவறியது. மூன்றாவது பூ விழுந்தது. அதற்குப் பிறகுதான் இறங்கினார். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

சித்திக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்காதீர்கள், நான் அதைச் சொல்ல வரவில்லை. அந்த மூன்று பூவும் கூத்தில் சேர்த்தியா இல்லையா என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம்வரிசை:

பந்தல்கால் அண்ணா, மைக் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தப் பேச்சு வந்தாலே அடுத்து, மைக் இல்லாமலே பாடிய நாடக நடிகர் கிட்டப்பா பெயர் வரும். கிட்டப்பா 1933இல், 27 வயதில் காலமானவர். அந்த இளம் குரலை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சீசனில் இரவு இரவாக ஊர் மாறி ஊர் பாடுகிற ஐம்பது வயதுக்காரரை வெறும் தொண்டையில் பாடச் சொல்வது நியாயமில்லை. அவர் தொண்டைக்கு மைக்தான் பாதுகாப்பு. அதைத் திருகுகிற கைதான் தப்பு செய்கிறது.

என் அனுபவம் சின்னது. சென்னையில் ஒரு சபா நாடகம். அப்பா வேஷத்தில் மூத்த நடிகர். இரண்டாவது காட்சியில் வசனம் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். மகளாக நடித்த பெண் அவர் சொல்ல வேண்டியதையே கேள்வியாக்கி, “அண்ணன் பதில் போடலைன்னுதானேப்பா கவலைப்படறீங்க?” என்றாள். அவர் “ஆமாம்மா” என்றார். முந்தின வாரம் அதே நாடகத்தைப் பார்த்திருந்ததால் எனக்குப் புரிந்தது. அந்த “ஆமாம்மா” நாடகத்தில் இல்லாதது. முழு நாடகத்திலும் எனக்கு நிற்பது அது ஒன்றுதான்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன். முதல் வரிசை வேண்டாம். நடிகரின் செருப்பைத்தான் பார்ப்பீர்கள். மூன்றிலிருந்து ஐந்துக்குள், நடைபாதை ஓரம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மெல்லப் பேசும் வசனம் போய்விடும். அரங்கேற்றத்தன்று பார்த்தால் பத்தாவது தடவை நடக்கும்போது ஒருமுறை பாருங்கள். முதல் நாள் நடிகர்கள் சிரிப்புக்கு இடம் விடாமல் ஓடுவார்கள். பத்தாம் நாள் எங்கே சிரிப்பு வரும் என்று தெரிந்துகொண்டு அதற்காகக் காத்து நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நாலாவது ஐந்தாவது தடவைதான் நாடகம் சரியாக இருக்கும். கதைச் சுருக்கம் படித்துவிட்டு வராதீர்கள். கடைசிக் காட்சியில் வண்டி எடுக்க எழுந்து போகாதீர்கள்; மேடையிலிருந்து அந்த முதுகுகள் நன்றாகத் தெரியும். பின்னணிக்கு எல்இடி திரை வைத்த நாடகம் என்றால் கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள், இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தில் முகம் கறுத்துப்போகும். வரைந்த படுதா எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. படுதா நடிகரோடு போட்டி போடாது. இப்போது வரும் சிரிப்பு நாடகங்களில் பல துணுக்குத் தோரணமாகத்தான் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடவில்லை என்றால் அந்த நாடகத்தில் உறவே எழுதப்படவில்லை என்று அர்த்தம். அப்புறம், நடிகரைப் பார்த்தால் “சூப்பர்” என்று கை குலுக்காதீர்கள். எந்த வசனம் பிடித்தது என்று அந்த வசனத்தைச் சொல்லுங்கள்.

வள்ளிமகள்:

மூன்றாம்வரிசை சார், ஊர்த் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு நடைபாதை ஓரம் எங்கே இருக்கிறது?

என் அம்மா ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேஷக்காரர். இருபது வருஷத்துக்கும் மேல் வள்ளி வேஷம். ஒத்திகை கிடையாது. நாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாரதர் இன்னொரு ஊரிலிருந்து. சில நாள் மேடையில்தான் முதல்முறை முகம் பார்ப்பார்கள். தர்க்கத்தில் எதிராளி என்ன பாட்டு எடுப்பார் என்று தெரியாது. எடுத்தால் பதில் இருக்க வேண்டும். அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள்.

நான் சொல்ல வந்தது அன்பளிப்பு. பாட்டு நடுவே ஒருவர் மேடையேறி, நூறு ரூபாயை ஊக்கோடு நீட்டிக்கொண்டு அம்மாவின் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். அம்மா பாட்டை நிறுத்தவில்லை. தினைப்புனத்தில் கவண் சுழற்றுகிற பாவனையில் கையை வீசி, அந்த வீச்சிலேயே நோட்டை அவர் விரலிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாளம் தப்பவில்லை. அவரும் கும்பிட்டுவிட்டு இறங்கினார். எனக்கு அப்போது பத்து வயது. மேடை ஓரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கையில் இரண்டு கண்ணாடி வளையல் உடைந்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

பபூன் டான்ஸில் இரட்டை அர்த்தம் கூடிப்போச்சு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் கைபேசியில் அந்த அரை மணியை மட்டும் படம் பிடித்துப் போடுவது யார்? தர்க்கம் வரும்போது பந்தலில் பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஆற்றங்கரை அக்கா, அந்த மூன்று பூவும் கூத்தில் சேர்த்திதான்.

கட்டியக்காரன்:

கூத்துக்கு வரிசையே கிடையாது. மூன்று பக்கமும் சனம். நடிகர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அதுதான் முன்வரிசை.

துகில் உரிதல் இரவு. கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. துச்சாதனன் பாஞ்சாலியின் முந்தானையைப் பிடித்ததும் கூட்டத்தில் நாலைந்து பேருக்குச் சாமி வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு கிழவி, எண்பது வயது இருக்கும், சாமியெல்லாம் வரவில்லை, நிதானமாக நடந்து களத்துக்குள் வந்து துச்சாதனனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு “விடுடா” என்றாள்.

புஜக்கட்டை, கிரீடம், முகமெல்லாம் சிவப்பு, அவள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆகிருதி. மேளம் ஓடுகிறது. முகவீணைக் குழல் அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் முந்தானையை விட்டார். குனிந்து கிழவியின் காலைத் தொட்டார். கூத்தின் கோமாளியும் கதை சொல்பவருமான கட்டியக்காரர் வந்து “வா ஆயா” என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். துச்சாதனன் மறுபடி கற்பூரத்தை ஏற்றச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் முந்தானையைத் தொட்டார். இந்தத் தடவை அந்தக் கை நடுங்கியது. அது நடிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ துச்சாதனனைப் பார்த்துவிட்டேன். எல்லார் கையையும்தான் முதலில் பார்க்கிறேன்.

மொட்டைமாடி:

நவீன நாடகத்தை யாரும் தொடவில்லையே. புரிசை ஊரின் தெருக்கூத்து எழுத்தாளர் ந. முத்துசாமியை ஆட்கொண்டது, 1977இல் கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழு தொடங்கியது. கட்டியக்காரன் சொன்ன களத்துக்கும் எங்கள் சின்ன அரங்குகளுக்கும் சொந்தம் உண்டு.

முப்பது பேர்தான் பார்க்க வந்திருந்தோம். பேச்சே இல்லாத ஒரு காட்சி. நடிகை என் முழங்காலுக்கு இரண்டடியில் உட்கார்ந்து, இல்லாத ஒரு குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். வாயோரம் ஒட்டியதை விரலால் வழித்து மறுபடி ஊட்டினார். அப்போது என் பக்கத்திலிருந்தவரின் கைபேசி மினுங்கியது. நடிகை கோபப்படவில்லை. குழந்தையின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்தார், வெளிச்சம் படாமல். முப்பது பேரும் அந்தக் குழந்தையைப் பார்த்தோம்.

இப்போதைய நவீன நாடகங்களில் பேச்சு அதிகம். எனக்கு அந்தக் கை போதும்.

மூன்றாம்வரிசை:

வள்ளிமகள் அம்மா, மன்னிக்கவும். நான் சபாவை மனதில் வைத்து எழுதிவிட்டேன். தர்க்கத்தின்போது எழுந்து போகிறவர்களில் நானும் ஒருமுறை இருந்திருக்கிறேன். இனி இருக்க மாட்டேன்.

பந்தல்கால் அண்ணா, ஒன்று மட்டும் கேட்கணும். கரண்ட் வந்த பிறகு என்ன ஆச்சு?

பந்தல்கால்:

நல்ல கேள்வி தம்பி. நான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. நாரதர் அடியை முடித்துவிட்டு மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கி ஓரடி பின்னால் தள்ளி வைத்தார். விடியும்வரை அங்கேயே நின்று பாடினார். எக்கோ அதற்குமேல் எட்டவில்லை. நீ சொன்னது சரி, மைக்கும் வேண்டியிருக்கிறது, அந்த ஓரடியும் வேண்டியிருக்கிறது.

அன்றைய நாடக நோட்டீஸை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தேன். அவர் பெயரும் ஊரும் இருக்கிறது. வைகாசியில் பக்கத்து ஊரில் அவர்தான் நாரதர் என்று சொன்னார்கள். இந்தத் தடவை எந்த அடியைச் சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.