வலது நுரையீரல் மேல் மடல் ஆபரேஷன்: எஃப்.இ.வி.1 62% போதுமா?

நெல்லிக்குப்பத்தான்:
அப்பாவுக்கு 62 வயசு, முப்பது வருஷ பீடி. வலது மேல் மடலில் 3.2 செ.மீ. கட்டி, பயாப்ஸியில் அடினோகார்சினோமா (ஒரு வகை நுரையீரல் புற்று). பெட் சிடியில் (சுறுசுறுப்பான செல்கள் ஒளிரும் ஸ்கேன்) நடு நெஞ்சில் ஒரு நெறிக்கட்டி லேசா ஒளிருது. எஃப்.இ.வி.1 (முதல் ஒரு விநாடியில் வேகமா ஊதித் தள்ளுற காற்று) 1.6 லிட்டர், இருக்க வேண்டிய அளவில் 62%. முன்ன டிபி வந்து ஆறு மாச மருந்து முடிச்சவர். மடலை எடுத்துடலாம்னு கடலூர்ல சொல்றாங்க. அடுத்து புதுச்சேரியில காட்டப் போறோம். மூச்சு தாங்குமா?

கெடிலக்கரை:
மூச்சுக் கணக்கு கையிலேயே போடலாம். நுரையீரல் மொத்தம் 19 துண்டம், வலது மேல் மடல் அதில் 3. 62ஐ 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தா 52%. அதாவது 1.35 லிட்டர் மிஞ்சும். உள்ளே திறந்த பிறகு வலது நுரையீரல் முழுசையும் எடுக்க நேர்ந்தா 29%தான். அது இவருக்குத் தாங்காது. அந்த நிலை வந்தா என்ன செய்வீங்கன்னு சர்ஜன்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க.

எஃப்.இ.வி.1 மட்டும் பத்தாது, டி.எல்.சி.ஓ.வும் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு போகுதுன்னு பாக்குற சோதனை) எடுக்கணும். பீடிக்காரங்களுக்கு ஊதுற அளவு நல்லா இருந்தும் ஆக்ஸிஜன் உறிஞ்சுறது குறைஞ்சிருக்கும். இதுக்கும் அதே 16/19 கணக்குதான். ரெண்டும் 60%க்கு மேல நின்னா வேற சோதனை வேண்டாம். 30க்கும் 60க்கும் நடுவுலன்னா மாடிப்படி சோதனை: ஆள் பக்கத்துல இருக்க 22 மீட்டர் உயரம், ஏழு மாடி கணக்கு, ஏறணும். அப்பா அதுலதான் வர்றார்.

மஞ்சக்குப்பம் சேகர்:
மூச்சை விட அந்த நெறிக்கட்டிதான் எனக்கு உறுத்துது. நம்ம பக்கம் பழைய டிபி இருந்தாலும் பெட்ல ஒளிரும், புற்று பரவியிருந்தாலும் ஒளிரும். படத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஈபஸ் (மூச்சுக்குழாய்க்குள்ள விடுற அல்ட்ராசவுண்ட் குழாய்) வழியா நெறிக்கட்டியில ஊசி போட்டு எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. புதுச்சேரி போகும்போது முதல்ல இதைக் கேளுங்க. புற்று இல்லைன்னா நிலை 1பி, ஐந்து வருஷம் இருப்பவங்க சுமார் 68%. இருந்தா 3ஏ, சுமார் 36%. அப்போ கத்திக்கு முன்ன மருந்துன்னு திட்டமே மாறும்.

டிபி வந்த நுரையீரல் நெஞ்சுச் சுவரோட ஒட்டியிருக்கும். பிரிக்கும்போது ரத்தமும் போகும், காற்றும் கசியும். சின்னத் துளையில் ஆரம்பிச்சு பெரிய வெட்டுக்கு மாறுனா பதறாதீங்க, அது தோல்வி இல்லை.

கெடிலக்கரை:
மடல் எடுக்குறதுல 30 நாளுக்குள்ள உயிர் போற ஆபத்து நல்ல மையங்கள்ல 1லேர்ந்து 3%. முழு நுரையீரல்னா அது பல மடங்கு. தொந்தரவு தருவது பெரும்பாலும் சளிதான். வலிக்கு பயந்து இருமாம இருந்தா சளி தேங்கி நிமோனியா வரும். அதனால தலையணையை வெட்டுப் பக்கம் அழுத்திப் பிடிச்சு இருமணும், மூச்சுப் பயிற்சிக்கான மூணு பந்துக் கருவியை விழிச்சிருக்கும்போது மணிக்குப் பத்து தடவை இழுக்கணும். பீடியை இன்னிக்கே விடட்டும், ஆனா அதுக்காக தேதியைத் தள்ளாதீங்க. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு நாளில் நாடி தாறுமாறா ஓடலாம், மருந்துல அடங்கும்.

மஞ்சக்குப்பம் சேகர்:
ஆபரேஷனுக்கு அப்புறம் நெஞ்சுக்குள்ள இருக்குற காற்றையும் ரத்தத்தையும் வடிக்கிற டியூப் பாட்டிலைச் சொல்ல விட்டுட்டோம். எப்பவும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கணும். பாட்டில்ல குமிழி வந்துக்கிட்டு இருக்குறப்போ டியூபை கிளாம்ப் போட்டு அடைக்க விடாதீங்க, காற்று அடைபட்டு இதயத்தை நெருக்கும். ஐந்து நாளைக்கு மேலயும் குமிழி வந்தா நீண்ட கசிவு, சில பேர் டியூபோடயே வீட்டுக்குப் போறாங்க.

நெல்லிக்குப்பத்தான்:
டி.எல்.சி.ஓ., ஈபஸ் ரெண்டையும் எழுதிக்கிட்டேன் அண்ணா. திங்கள் அப்பாய்ண்ட்மெண்ட்.