புதுப்பிப்பு: லொறிச் சங்கத்தில் சேர்ந்து எட்டு மாதம்

சொந்த லொறியைத் தானே ஓட்டுகிறவனுக்குச் சங்கத்தால் பயன் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் சேரச் சொன்னீர்கள், மீதிப் பேர் சந்தாக் காசு வீண் என்றீர்கள். சரி, திருகோணமலையில் ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட்டேன்.

பெரிய பயன் திரும்பும் வழிச் சுமைதான். சீனன்குடாவில் சீமெந்து ஏற்றிக் கொழும்பில் இறக்கினால், முன்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றரும் வெறும் லொறியோடு வருவேன். வெறுமையாக வந்தாலும் டீசல் எரியும், டயர் தேயும். ஹபரணையைத் தாண்டும்போதே போன பயணத்தின் இலாபம் கரைந்திருக்கும். இப்போது இறக்கும் முன்பே சங்கத்து அண்ணன் ஒருவர் போன் எடுத்து, "தம்பி, தம்புள்ளையில மரக்கறி நிக்குது, ஏத்திட்டு வா" என்பார். மாதத்தில் நாலைந்து தடவையாவது இப்படிக் கிடைக்கிறது. எனக்கு அது லீசிங் தவணைக்குச் சமம்.

இன்னொன்று, ஐந்து கிழமையாக வாடகை தராமல் இழுத்தடித்த ஒரு ஒப்பந்தக்காரரிடம் செயலாளர் நேரில் போனார். மூன்றாம் நாள் காசு வந்தது. தனியாக நான் போனபோது வாசலிலேயே நிற்க வைத்தார்கள்.

பிடிக்காததும் உண்டு. யாருடைய முறை வருகிறதோ அவருக்குத்தான் சுமை என்பதால், என் பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் சில நாள் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அது மனதுக்குக் கஷ்டம். சேரும் முன் முறைப் பதிவேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் சேராதீர்கள்.

மணல் அனுமதிப்பத்திரத்தைச் சங்கம் தருமா என்று கிண்ணியாவில் மணல் ஏற்றும் தம்பி கேட்டதற்கு: சங்கம் தராது, அது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் வேலை. விண்ணப்பம் நிரப்ப மட்டும் உதவுவார்கள்.