புதுப்பிப்பு: லயத்திலிருந்து வரைபவளுக்குக் கிடைத்த பதில்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்), ஒரே அறையில் அம்மாவோடும் தங்கையோடும் இருந்துகொண்டு, பெண்களைக் காதலிக்கும் நான் என் ரசிகர் ஓவியங்களை யாரிடம் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அக்காமாருக்கு நன்றி.

இப்போது ஒரு சிறு வட்டம் அமைந்துவிட்டது. எங்களைச் சேர்த்தது 'சைலர் மூன்' என்ற ஜப்பானிய அனிமே தொடர்தான். அதில் ஹருகா, மிச்சிரு என்ற இரு பெண்களும் காதலர்கள். அமெரிக்க ஆங்கில மொழிமாற்றத்தில் அவர்களை உறவுக்காரப் பிள்ளைகளாக்கிவிட்டார்கள். நம் வீடுகளிலும் இதே உத்திதானே! பதுளையில் இருக்கும் ஒருத்தி தன் துணையைத் தூரத்துச் சொந்தம் என்றுதான் அறிமுகம் செய்கிறாளாம்.

நான் இருவரையும், மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து வேடத்தில் வரைந்தேன். ஹருகா மன்மதன், கையில் கரும்பு வில்; மிச்சிரு ரதி. நம் தோட்டங்களில் காலங்காலமாக ஆண்கள் ரதி வேடம் கட்டுகிறார்கள். ஒரு பெண் மன்மதனானால் என்ன குறைந்துவிடும்? கரும்பின் கணுக்களுக்கு ஊதா நிறம் போதவில்லை என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது.

பெயர், முகம், தோட்டம் எதையும் வெளியிடாதே என்ற அறிவுரையை அப்படியே பின்பற்றுகிறேன். ஒருபால் உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு 1995இல் பெண்களுக்கும் விரிந்தது. அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் பிரிவு நீங்கவில்லை. ஆனால் எனக்குச் சட்டத்தைவிடத் தங்கையின் கண்தான் பயம். ஃபோனை எட்டிப் பார்த்தவள், "ரதிக்கு மூக்குத்தி எங்கே அக்கா?" என்றாள். வரைந்துவிட்டேன், புதிய படத்தை வட்டத்தில் உள்ளவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.