முழங்கை ஆபரேஷனுக்கு ஸ்டீராய்டு: அம்மாவுக்குப் போடலாமா?

காசிமேட்டுப் பையன்: அம்மா காசிமேட்டுல மீன் விக்கறவங்க. ஐஸ் பெட்டி மேல விழுந்து முழங்கை உடைஞ்சிருச்சு. வர்ற வாரம் ஆபரேஷன். கை இறுகிடாம இருக்க டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி போடலாம்னு டாக்டர் சொல்றார். அம்மாவுக்கு சுகர் வேற, பயமா இருக்கு.

ராயபுரம் பிசியோ: தம்பி, அடிபட்ட மூட்டோட உறை வீங்கி, தழும்பாகித் தடிச்சுப்போறதாலதான் முழங்கை இறுகும். அந்த வீக்கத்தைத் தணிக்கத்தான் ஸ்டீராய்டு. எல்லாருக்கும் வழக்கமாப் போடறதில்ல. சுகர் கொஞ்ச நாள் ஏறும், புண் ஆறத் தாமதமாகலாம். அதனால சுகர் மாத்திரைச் சீட்டை மயக்க மருந்து டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டுங்க. ஊசி போட்டாலும் பயிற்சியை விட்டுடாதீங்க. நேரா நீட்டின கையை 0 டிகிரின்னு வெச்சா, முழங்கை 30லிருந்து 130 டிகிரி வரை மடங்கினா சோறு அள்ளிச் சாப்பிடலாம், தலை வாரலாம்.

வண்ணாரப்பேட்டை அக்கா: எண்ணெய் போட்டு உருவறேன்னு யார் வந்தாலும் விடாதப்பா. முரட்டுத்தனமா இழுத்தா தசைக்குள்ள எலும்பு வளர்ந்துடலாம்.

காசிமேட்டுப் பையன்: நன்றிக்கா, நன்றிண்ணே. சீட்டை நாளைக்கே எடுத்துட்டுப் போறேன்.