121 கொரோலா: டை ரொட் எண்டை வீட்டிலேயே மாற்றலாமா?

வெள்ளவத்தை_121:
வணக்கம். என்னுடையது 2003 டொயோட்டா கொரோலா 121. ஒரு மாதமாக, கொழும்பு காலி வீதியில் சின்னக் குழியில் இறங்கினாலும் முன்னால் இடது பக்கம் டக் டக் என்று சத்தம், ஸ்டியரிங்கிலும் கைக்குத் தெரிகிறது. இடது டயரின் உள்விளிம்பும் தேய்ந்துவிட்டது. கராஜில் காட்டினேன், ஜக் அடித்துப் பார்க்காமலே ரெக் (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பகுதி) முழுதும் போய்விட்டது, பாவித்த ஜப்பான் ரெக் ஒன்று போடுவோம் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாகனத்தைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். ரெக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் ரொட்டின் வெளிமுனை மூட்டான டை ரொட் எண்ட் மட்டும்தான் பிழை என்றால் நானே மாற்றலாமா? பிரேக் பேட் மாற்றிய பழக்கம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வாகனம், அதுதான் பயம்.

மருதானைக்காரன்:
மாற்றலாம் தம்பி, ஆனால் முதலில் எது ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டான்டில் இருத்தி (ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது), டயரை மணிக்கூட்டின் 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். வீட்டில் ஒருவர் டை ரொட் எண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு இருக்கட்டும், அங்கே டிக் என்று அடித்தால் அதுதான். வெளியே ஆட்டம் இல்லாமல் ரெக் பூட்டுக்குள்ளே (ரெக் முனையை மூடும் ரப்பர் உறை) அடித்தால் ரெக் எண்ட், அதாவது உள்முனை மூட்டு. 12, 6 இல் பிடித்து ஆட்டும்போது ஆடினால் சக்கரத்தின் கீழ்ப்பக்க மூட்டான லோவர் போல் ஜொயின்டையோ வீல் பெயரிங்கையோ பாருங்கள். இந்தச் சோதனைக்குக் கால் மணித்தியாலம் போதும், அதைக்கூடச் செய்யாமல் ரெக் மாற்றச் சொல்வது சரியில்லை.

சாமானுக்குப் பஞ்சிகாவத்தை போங்கள், பழைய எண்டையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். இதில் மட்டும் பாவித்தது வேண்டாம், புதிதாகவே போடுங்கள்.

கொட்டாஞ்சேனை_ரவுண்ட்:
கழற்றும்போது உங்களுக்கு வரப்போகும் கரைச்சல் துரு. கடலோரம் நிற்கும் வாகனம், எண்டை ரொட்டில் அசையாமல் பிடித்திருக்கும் லொக் நட் இறுகிப்போய் இருக்கும், முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். எண்டின் நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை இழுத்துவிட்டு நட்டை முழுதும் கழற்றாமல் ஓரிரு புரியில் விட்டுவைத்து, எண்ட் கோர்த்திருக்கும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) கையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். புரி இருக்கும் நுனியில் அடித்தால் புரி நசுங்கிப்போகும். சரியான இடத்தில் நாலைந்து அடி விழுந்தால் தானாகவே படக்கென்று இறங்கிவிடும்.

சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு துண்டில் எழுதி வையுங்கள், லொக் நட் நின்ற இடத்தில் பெயின்ட் கோடும் போடுங்கள். புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள். ஒரு சுற்றுப் பிசகினாலே ரொட்டின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் மாறும், அது டயர் விளிம்பில் பல மில்லிமீட்டராகத் தெரியும். அதனால் எண்ணிப் போட்டாலும் வீல் அலைன்மன்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம் செய்யுங்கள், மாற்றிய அன்றே.

மருதானைக்காரன்:
ஒன்று விட்டுப்போனது. காசில் நட்டை (ஸ்பிளிட் பின் போகும் வெட்டுகள் உள்ள நட்) இறுக்கியபின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முன்னால் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், பின்னால் இளக்கி நேராக்கக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. இந்த நட் கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் ஸ்டியரிங் சொல் கேட்காது. டயர் நட்டுக்கு டோர்க் ரென்ச் இருந்தால் 103 நியூட்டன் மீட்டர்.

வெள்ளவத்தை_121:
ஞாயிறு காலை பார்த்தேன். 9, 3 இல் இடது டயர் நன்றாகவே ஆடுகிறது, தம்பியின் கைக்கு எண்டிலேயே அடிக்கிறது, ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் மண்ணாய்க் கிடக்கிறது. ரெக் பூட் இரண்டும் கசிவில்லாமல் காய்ந்து நல்லாகவே இருக்கின்றன. வலது பக்கம் ஆட்டம் இல்லை, ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றலாமா?

கொட்டாஞ்சேனை_ரவுண்ட்:
மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயதுதான், அலைன்மன்ட் காசும் ஒருமுறையோடு போகும். அதுவரை பிள்ளைகளை வேறு வாகனத்தில் அனுப்புங்கள்.