நன்கொடை வசூலுக்குப் போகக் கூச்சப்படும் பிள்ளைகள்: உங்கள் அனுபவம்?

நாகர்கோவில் டீச்சர்:
தீராத நோயில் கிடப்பவர்களைப் பராமரிக்கும் எங்கள் பாலியேட்டிவ் குழுப் பிள்ளைகள் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டக்கூட முகம் சுளிக்க மாட்டார்கள். வசூல் என்றால் மட்டும் ஆளுக்கொரு சாக்கு. "கையேந்துறது மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள் ஒருத்தி. அவளை வடசேரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மனப்பாடப் பேச்சு எதுவும் வேண்டாம், போன வாரம் பார்த்த நோயாளிக்கு ஏர் பெட் ஏன் வேண்டும் என்பதை மட்டும் சொல், பேரும் ஊரும் வேண்டாம் என்றேன். பாத்திரக்கடைக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி மக்களே, பைசா எங்க போவுதுண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அவள் ரசீது புத்தகத்தை விரித்து அடிக்கட்டைகளைப் புரட்டிக் காட்டினாள். "பெட் வாங்கின பில்லையும் கொண்டு வந்து காட்டுறேன் அண்ணாச்சி." 200 ரூபாய் எழுதச் சொன்னார். அடுத்த கடைக்குள் எனக்கு முன்னால் அவள் நுழைந்துவிட்டாள்.

குளச்சல்காரன்:
மாதமும் பார்க்க வேண்டும் டீச்சர். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. குலசேகரம் பக்கம் அதே நேரம் மழையில் ரப்பர் பால்வெட்டு முடங்கிக் கிடக்கும். அப்போது போய்க் கேட்டால் யார் கையில் காசு இருக்கும்? பிள்ளைகளோ தங்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று சோர்ந்து திரும்புகிறார்கள். புதியவர்களை நான் அந்த இரண்டு மாதமும் அனுப்புவதில்லை.

தக்கலை ஆடிட்டர்:
கூச்சத்தைவிட, கேள்விக்குப் பதில் தெரியாததுதான் பயம். "80ஜி உண்டுமா?", அதாவது நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு உண்டா, என்றதும் பையன்கள் முழிப்பார்கள். சங்கத்துக்கு 80ஜி இருந்தாலும், 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிக்கழிவு கிடையாது. செக் அல்லது ஜிபே வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி தைரியம் வந்துவிடும். ஜிபே க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் சங்கத்தின் பேர் வரட்டும், செயலாளர் பேர் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

கன்னியாகுமரியிலிருந்து:
சில்லறை வசூலைக் கேவலமாக நினைப்பவர்களிடம் நான் விவேகானந்தர் பாறையைக் காட்டுவேன். ஏக்நாத் ரானடே நாடு முழுக்க ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றும் திரட்டித்தான் 1970இல் அந்த மண்டபம் திறந்தது. டீச்சர், அந்த அண்ணாச்சிக்கு பில் போய்ச் சேர்ந்ததா?

நாகர்கோவில் டீச்சர்:
சேர்ந்தது. இன்னொரு 300 எழுதினார், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார்.